அமுதசுரபியைத் துலக்கியவர் யார்?

சோற்றைப் பற்றியா கட்டுரை என்று கேட்கிறார்கள் நண்பர்கள். ஆம், சோற்றைப் பற்றித்தான். மூடநம்பிக்கையை முறியடிப்பது பற்றி எழுதலாம், மொழியின் மேன்மை பற்றி முழங்கலாம். குழம்பும் கூட்டும் எழுதத்தக்க பொருளா என்று முகஞ்சுளிப்போரும் இருக்கிறார்கள். அவர்களை ஒன்றே ஒன்று கேட்போம். காலையில் உண்டீர்கள் அல்லவா? உண்ட தட்டை எங்கே வைத்தீர்கள்? அதை எடுத்துச் சென்றவர் யார்? அவர் பெயர் என்ன?

திணறுகிறீர்களா! வெட்கம் வேண்டா. நாமும் திணறினோம். திணறியதோடு நில்லாமல் தலைகுனிந்தும் நின்றோம். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தோம்.

திருவாரூர் மாவட்டத்தில், வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத சிற்றூர் நம்முடையது. தந்தையார் நாற்றுப் பறிக்கவும் வரப்பு வெட்டவும் போவார். அறுவடைக்கு எந்திரம் வந்த பிறகு அவருக்கு ஆண்டில் பாதி நாள் ஓய்வு — அவர் கேளாத ஓய்வு! தாயார் ஊர்ப்பள்ளியிலே சத்துணவுச் சமையல் உதவியாளர். அரிசி புடைப்பதும், அண்டா துலக்குவதும், அடுப்படி மெழுகுவதும் அவர் பணி. பாட்டிக்கோ பேச்செல்லாம் நெல்லைப் பற்றித்தான். கூலி நெல் அளக்கும் ஓசையைக் கேட்டே படி நிறைந்ததா, தலைதட்டியதா என்று சொல்லிவிடுவாராம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியிலே, கூலியைச் சற்று உயர்த்திக் கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையோடு கொளுத்தப்பட்ட கொடுமையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் எழாது. கையால் படியளக்கும் சாடை காட்டி நிறுத்திவிடுவார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குச் சோற்றின் அருமை தெரியாமற்போகுமா? போயிற்று தோழர்களே, போயிற்று! பட்டப்படிப்பு அந்த வேலையைச் செய்தது என்று பழியைக் கல்லூரியின்மேல் போட்டுவிடலாம். ஆனால் அது நேர்மையாகாது.

2017-ஆம் ஆண்டு, அரசு கலைக் கல்லூரி ஒன்றில் வரலாறு படிக்கச் சேர்ந்தோம். விடுதிக்கு விண்ணப்பித்தோம். பட்டியல் ஒட்டினார்கள்; மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தோம்; நம் பெயர் இல்லை. பக்கத்து ஊர்த் தோழர் ஒருவருக்கு இடம் கிடைத்திருந்தது. "வா, பாயில் பாதி உனக்கு" என்றார். நால்வர் தங்கும் அறையில் எண்மரானோம்.

அன்றிரவு உணவுக்கூடத்தின் வாயிலிலே நின்றோம், உள்ளே போகவும் கூச்சம், திரும்பவும் பசி விடவில்லை. சமையற்காரர் கரண்டியைக் கையில் பிடித்தபடி ஏற இறங்கப் பார்த்தார்.

"பேர் இருக்கா?"

"இல்லண்ணே."

"தட்டு இருக்கா?"

"அதுவும் இல்லண்ணே."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி ஒரு குரல் கொடுத்தார். பாத்திரம் துலக்கும் அம்மையார், ஆயா என்று எல்லாரும் அழைத்தவர், விளிம்பு நசுங்கிய தட்டொன்றைக் கழுவி, முந்தானையால் துடைத்து நம் கையிலே கொடுத்தார். ஏழு திங்கள் அந்தத் தட்டில் உண்டோம். மறு ஆண்டு பட்டியலிலே பெயர் வந்தது. புதுத் தட்டு வாங்கினோம். பழைய தட்டு எங்கே போயிற்று என்று எண்ணிப் பார்க்கவுமில்லை.

விடுதிச் சாப்பாட்டைப் பற்றி விடுதியில் இருந்தவர்க்குச் சொல்லத் தேவையில்லை. இராதவர்க்குச் சொன்னால் விளங்காது. இட்டிலியை எறிந்து விளையாடலாம் என்பது பழைய வேடிக்கை. எங்கள் சாம்பாருக்கு நாம் வைத்த பெயர் 'கண்ணாடி'. குனிந்தால் முகம் தெரியும்! கோழிக்கறி நாளன்று மட்டும் வரிசை, வாயிலைத் தாண்டி வேப்பமரம் வரை நீளும். அன்றைக்குக் கொள்கை வேறுபாடு எதுவும் கிடையாது.

வகுப்பறையில் நமக்குக் கிடைத்த விருந்து வேறு. தமிழ் வகுப்பிலே மணிமேகலை. மணிபல்லவத்தில் கிடைத்த அமுதசுரபி, ஆதிரை இட்ட முதற்பிச்சை, அள்ள அள்ளக் குறையாத சோறு என்று பேராசிரியர் விளக்கியபோது வகுப்பு சொக்கிப் போயிற்று. வரலாற்று வகுப்பிலே சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்க்குத் தனிப்பந்தி; அந்தக் குருகுலத்திற்குக் காங்கிரசின் பணம்; 1924-25-இல் அதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய கிளர்ச்சி; 1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறியது. கேட்கக் கேட்க நரம்பு முறுக்கேறியது. சோறு ஒன்று, பந்தி இரண்டா? என்ன அநீதி! அன்று மாலை விடுதி மாடியிலே நள்ளிரவு வரை இதே பேச்சு.

பேசிவிட்டு இரவு உணவுக்கு இறங்கினோம். உண்டோம். பருக்கை சிதறிய தட்டைத் தொட்டியோரம் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தபடி படியேறினோம். பின்வாசற்படியில், சாக்கடைப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, எல்லாரும் உண்ட பிறகு மிச்சத்தை உண்டுகொண்டிருந்தார் ஆயா. அங்கே உட்காரென்று எவரும் அவருக்கு ஆணையிட்டதில்லை. உள்ளே வந்து உட்காரென்றும் எவரும் சொன்னதில்லை. நூறு பேர் உண்ணும் கூடத்தில் அவருக்கென ஒரு பந்தி இல்லை என்பது, சேரன்மாதேவியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிய நம் கண்ணுக்குத் தெரியவே இல்லை. பந்தி பேதம் பார்ப்பனர் வீட்டுக் கூடத்தில் மட்டும் இருப்பது என்று நம்பிக்கொள்வது எவ்வளவு வசதி!

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்தது கஜா புயல். தென்னந்தோப்புகள் தரையோடு தரையாயின, கூரைகள் பறந்தன. நம் வீட்டுக் கூரையும் அவற்றிலொன்று. வீடிழந்த தோழர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்கள்? விடுதியிலே தங்கினார்கள். தம்பியை அழைத்து வந்தவர்களும் உண்டு. அனுமதி பெற்றவர் 100 பேர். உண்டவர் 140-க்குக் குறையாது. பட்டியலில் ஏறாத வாய்களுக்குப் பருப்பு ஒதுக்க எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது? சமையற்காரருக்குத் தெரிந்த ஒரே வழி, தண்ணீர். கண்ணாடி இன்னும் தெளிவாயிற்று. அரிசியில் கல்லும் மிகுந்தது.

இதையெல்லாம் அன்று எண்ணினோமா? இல்லை. 2019 பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் போராட்டம் என்று முடிவு செய்தோம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தட்டேந்திச் சாலையில் அமர்வது என்று திட்டம். ஏழரை முதல் ஒன்பது வரை இராகுகாலம் ஆயிற்றே என்று தயங்கினார் ஒரு தோழர். அவரைத் திருத்தவே அரைமணி நேரம் பிடித்தது.

உட்கார்ந்தோம். முழங்கினோம். பேச்சாளர் யார் என்கிறீர்கள்? நாம்தான்! "சாம்பாரா இது, சாக்கடையா? கல்லைக் கடித்துக் கடித்துக் காவியம் படிக்கச் சொல்கிறீர்களா? பொறுக்கத் தெரியாதவர்களைப் பொறுப்பிலே வைத்தது யார்?" கைதட்டல் விண்ணைப் பிளந்தது. அடுக்குமொழிக்கு அப்படியொரு ஆற்றல் உண்டு தோழர்களே. பேசுகிறவனையே அது மயக்கிவிடும். 'பொறுக்க' என்றும் 'பொறுப்பு' என்றும் எதுகை போல் விழுந்ததே என்ற மகிழ்ச்சியில், அந்தச் சொல் யார் தலையில் விழும் என்று பார்க்கவில்லை.

அதிகாரி வந்தார். கனிவாகக் கேட்டார். உள்ளே சென்று விசாரித்தார். அரிசியில் கல் பொறுக்குவது யார் வேலை? ஆயாவின் வேலை. ஆயா நிரந்தரப் பணியாளரா? அல்லர், நாட்கூலி. முடிந்தது விசாரணை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அவரிடம் சொல்லப்பட்டது. வெளியே வந்து, "குறை களையப்பட்டது" என்று நம்மிடம் சொல்லப்பட்டது. வெற்றி, வெற்றி என்று கூவினோம். நமக்குத் தேநீர் வாங்கித் தந்தார்கள்.

நான்கு நாள் சாம்பாரில் பருப்பு இருந்தது. ஒரு நாள் பாயசம்கூட!

ஐந்தாம் நாள் சமையற்காரர் கைவிரித்தார். பாத்திரம் துலக்க ஆளில்லை. புது ஆள் வர நாளாகும். மாணவர்களே முறைவைத்துத் துலக்குவதானால் அடுப்பு எரியும் என்றார். தலைவர் அல்லவா நாம்! முதல் முறை நமக்கு வந்தது.

அண்டாவைத் துலக்கியிருக்கிறீர்களா? அதைத் துலக்க முடியாது. அதற்குள்ளே இறங்கத்தான் முடியும். இடுப்புவரை உள்ளே நுழைத்து, ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, மறுகையால் அடியைச் சுரண்ட வேண்டும். அடிப்பிடித்த சோறு பாறைபோல் நின்றது. தேங்காய் நார் தேய்ந்தது; அடி தேயவில்லை. சோப்புத்தூள் விரலிடுக்கில் எரிந்தது. அண்டா முடிந்தால் குண்டான், குண்டான் முடிந்தால் கரண்டிகள், பிறகு 140 தட்டுகள். காலை வேலை முடியுமுன் மதிய வேளை வந்துவிட்டது. மூன்று வேளைக்கு 420 தட்டுகள் என்று கணக்குப் போட்டது அன்றுதான். மறுநாள் எழுதுகோலைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அமுதசுரபியைப் பற்றி அத்தனை அழகாகப் பாடம் கேட்டோமே, அள்ள அள்ளச் சோறு வந்த அந்தப் பாத்திரத்தை இரவிலே துலக்கி வைத்தவர் யார் என்று வகுப்பிலே ஒருவரும் கேட்கவில்லை. தெய்வத்தன்மையுள்ள கலத்திற்கு அடிப்பிடிக்காது போலும்!

சமையற்காரர் அன்றுதான் கணக்கைச் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை; அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். கல்லூரி விடுதி மாணவர் ஒருவருக்குத் திங்களுக்கு 1,100 ரூபாயாக இருந்த உணவுத்தொகை 1,500 ஆனது 2023-இல்; நாம் படித்தது அதற்கு முன்னே. அந்த 1,100-ஐயே முழுதாக வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 37 ரூபாய் வராது. வேளையொன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய், சில காசு. ஏறத்தாழ ஒரு தேநீரின் விலை! அதையும் 100 பேருக்கு வாங்கி 140 பேருக்குப் பகிர வேண்டும். "மொத வருசம் பேர் இல்லாம வந்து நின்னியே தம்பி, அப்பவும் இதே தண்ணிதான் ஊத்துனேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனோம். புயலுக்குப் பின் போட்ட தார்ப்பாய்க் கூரையின்கீழே தாயார் மறுநாளைக்கு முறம் தைத்துக்கொண்டிருந்தார். நம் கைகளைப் பார்த்தார். விரல்களில் தோல் உரிந்திருந்தது. என்னவென்று கேட்டார். போராட்டத்தையும் வெற்றியையும் விரிவாகவும், அண்டாவைச் சுருக்கமாகவும் சொன்னோம்.

"கல்லு கெடந்ததுக்கு அந்தப் பொம்பளைய நிறுத்திட்டாங்களா?"

"ஆமாம்மா."

"கல்லு மூட்டையில வந்துச்சா, அவ போட்டாளா?"

நாம் பேசவில்லை.

"அவளுக்கு எத்தன புள்ளைங்க?"

தெரியவில்லை.

"அவ பேராவது தெரியுமா, தம்பி?"

தெரியவில்லை தோழர்களே! ஒன்றரை ஆண்டு அவர் கழுவிய தட்டில் உண்டோம். இந்தியத் துணைக்கண்டத்தை ஆண்ட அரசர் அனைவரின் பெயரும், ஆண்டும், அவர்தம் அரண்மனைப் பெயரும் அறிவோம். ஆயாவின் பெயர் அறியோம். தாயார் அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நம் தாயாரையும் ஊர்ப்பள்ளிப் பிள்ளைகள் 'ஆயா' என்றுதான் அழைப்பார்கள். கல்லூரியிலே தோழர்கள் கேட்டபோதெல்லாம் "அம்மா பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டவர் நாம். ஆசிரியை என்று அவர்கள் எண்ணிக்கொண்டால் எண்ணிக்கொள்ளட்டும் என்றிருந்தோம். பொய் சொல்லவில்லை, பொய்க்கு இடம் விட்டோம்.

திரும்பி வந்து எழுவர் சேர்ந்து மனு எழுதினோம். கல்லுக்கு அவர் பொறுப்பல்லர், மீண்டும் பணி தருக என்று. அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு கிழமை கழித்துக் கேட்டோம்; போராடியதும் நீங்கள்தானே என்றார். அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை. புது ஆளும் வந்துவிட்டார். அவரை நிறுத்து என்று கேட்க நாக்கு வருமா?

சமையற்காரர் சொன்ன அடையாளத்தைக் கொண்டு ஆயாவைத் தேடிப் போனோம். திருமண மண்டபம் ஒன்றின் பின்புறத்திலே, முகூர்த்த நாளுக்கு மட்டும் கிடைக்கும் வேலையில், பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். எழுவரும் வரிசையாக நின்றோம். மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொற்களில் ஒன்றும் வரவில்லை. அவர்தாம் முதலில் பேசினார்.

"பரீட்சையெல்லாம் எழுதியாச்சா?"

"இன்னும் இல்லைங்க."

"இப்ப அண்டா யாரு கழுவுறா?"

"கொஞ்ச நாள் நாங்கதான் கழுவினோம்."

"நீங்களா!" என்று சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "அடிப்பிடிச்சா ஒடனே தேய்க்கக் கூடாது தம்பி. வெந்நி ஊத்தி ஒரு மணி நேரம் ஊற வுடணும். அப்புறம் தானா வுட்டுரும்" என்றார். பெயரைக் கேட்டோம், சொன்னார். அதை இங்கே எழுதமாட்டோம். அவர் அச்சில் வரக் கேட்டவரல்லர். ஆனால் அன்று முதல் மறக்கவில்லை.

பட்டம் பெற்றோம். பயிற்சி பெற்றோம். இன்று நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஆசிரியர். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் நம் பள்ளிக்கும் வந்திருக்கிறது. பொங்கலும் கிச்சடியும் உப்புமாவும் தின்றுவிட்டு வரும் சிறுவர், முதல் மணியிலே முன்போல் மயங்கிச் சாய்வதில்லை. இதைக் கண்ணால் காண்கிறோம், ஆகவே சொல்கிறோம். விழாக்களில் இதன் வரலாற்றை விரித்துரைக்கிறோம். 1920-இல் நீதிக்கட்சி நடத்திய சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியிலே தொடங்கிய மதிய உணவு, 1956-இல் காமராசர் விரித்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியது, பிறகு முட்டை, இன்று காலைச் சிற்றுண்டி. தலைவர்கள் பெயரைப் பிள்ளைகள் தலைகீழாகச் சொல்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். ஆனால் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் மகளிர் குழுவினரின் பெயர் எந்தப் பாடத்தில் வருகிறது?

பெயரை மறந்தாலும் குற்றமில்லை. சாதியை மறக்கமாட்டோம் என்று நிற்கும் ஊர்களும் இருக்கின்றன. 2018-இல் திருப்பூர் மாவட்டப் பள்ளியொன்றில், சத்துணவு சமைக்கும் அம்மையார் தாழ்த்தப்பட்டவர் என்பதற்காக அவர் சமைக்கக்கூடாதென்று ஊரார் சிலர் தடுத்தனர், அவரை இடமாற்றினார்கள், எதிர்ப்பு எழுந்த பிறகே அந்த ஆணை திரும்பிற்று. அந்தச் செய்தி வந்தபோது நாம் இரண்டாமாண்டு மாணவர். செய்தித்தாளைக் கையிலேந்திக் கொதித்தோம், தட்டைத் தொட்டியோரம் போட்டபடியே.

நம் பள்ளியிலே ஒரு சிறு வழக்கம் வைத்திருக்கிறோம். உண்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும், ஆசிரியரும் விலக்கல்லர். "என் பிள்ளை தட்டுக் கழுவவா பள்ளிக்கு வருகிறது?" என்று சண்டைக்கு வந்தார் ஒரு தந்தையார். அவர் கேள்வியிலும் நியாயம் உண்டு. நம் தாயாருக்கும் நம்மைப் பற்றி அதே எண்ணம்தான். பிள்ளை கையில் கரி படக்கூடாதென்றுதான் அவர் கரியில் கை வைத்தார். பெண் பிள்ளைகளை மட்டும் தனியே அழைத்துத் துடைப்பத்தைக் கொடுக்கும் பள்ளிகளும் இருக்கையில், அந்தத் தந்தையின் ஐயத்தைத் தள்ளிவிட முடியாது. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை, ஆசிரியர், தலைமையாசிரியர் எல்லாரும் ஒரே குழாயடியில் நிற்பதைக் காட்டினோம். முணுமுணுத்தபடி போனார். மறுபடி வரவில்லை, ஏற்றுக்கொண்டாரா, சலித்துவிட்டாரா, அவரைத்தான் கேட்க வேண்டும்.

சென்ற கிழமை சமையற்கூடத்தில் உதவியாளர் அம்மையார் கைவலி என்று உட்கார்ந்திருந்தார். பிற்பகல் கடைசி மணி முடிந்து அங்கே போனோம். சட்டைக் கையை மடித்துவிட்டு அண்டாவின் விளிம்பைப் பிடித்தோம். எட்டாம் வகுப்புப் பையன்கள் இருவர் நாரும் தூளுமாக வந்து நின்றனர்.

"இப்பத் தேய்க்காதீங்க சார்" என்றார் அம்மையார். "வெந்நி ஊத்தி வச்சிருக்கேன். இன்னும் ஊறல."

மூவரும் படியில் உட்கார்ந்து காத்திருந்தோம்.